கொள்முதல் நிலையத்துக்குப் போன செய்திப் போட்டி

கல்லூரிகளில் ஊடக விழா என்றாலே குறும்படப் போட்டி, விநாடி வினா, மீம் போட்டி, சாயங்காலம் ஒரு சிறப்பு விருந்தினர் என்றுதான் போகும். தஞ்சாவூர் பக்கம் இருக்கும் எங்கள் கல்லூரியின் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) துறை விழாவும் அப்படித்தான். போன வருடம் ஒருங்கிணைப்பு என் கைக்கு வந்தபோது செய்திப் போட்டியை மாற்றியே ஆக வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். அதுவரை அறைக்குள் உட்கார வைத்து, தலைப்பு கொடுத்து, ஒரு மணி நேரத்தில் எழுதி வாங்குவார்கள். யாரையும் பார்க்காமல், யாரிடமும் கேட்காமல் எழுதிப் பழகுகிறவர் நாளைக்கு எப்படி நிருபர் ஆவார்? 1882இல் சுதேசமித்திரன் பத்திரிகையைத் தொடங்கிய ஜி. சுப்பிரமணிய ஐயர் பிறந்த திருவையாறு எங்களுக்குப் பக்கத்து ஊர். இங்கேயே இப்படி நடத்துவது எனக்குப் பொறுக்கவில்லை.

போட்டியாளர்களை ஊருக்குள் அனுப்புவோம் என்றதும் எச்.ஓ.டி. மேடம் உடனே சரி என்றார். முதல்வர் கேட்டது நியாயமான கேள்வி: வெளிக்கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு? கல்லூரி பஸ், ஒவ்வொரு பஸ்ஸிலும் ஓர் ஆசிரியர், அவரவர் கல்லூரியின் ஓ.டி. கடிதம் (கல்லூரி வேலையாக வெளியே போக அனுமதி), ஒவ்வொரு அணியோடும் எங்கள் மாணவர் ஒருவர் என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் கையெழுத்து கிடைத்தது.

குறும்படங்கள் பக்கம் வேலை அதிகம், சொல்ல விஷயம் கம்மி. சினிமாப் பாட்டைப் பின்னணியில் போட்டவர்களிடம் மாற்றித் தரச் சொன்னோம். வந்த எல்லா ஃபைலையும் அரங்கத்து லேப்டாப்பிலேயே முன்கூட்டி ஓட்டிப் பார்த்தோம். ஜன்னல் வெளிச்சத்தை மறைக்கப் பந்தல்காரரிடம் கறுப்புத் துணி வாங்கிக் கட்டினோம்.

செய்திப் போட்டிக்கு விதிகள் கொஞ்சம்தான். காலையில் கிளம்பி மதியம் சாப்பாட்டுக்குள் திரும்ப வேண்டும். குறைந்தது மூன்று பேரிடம் பேச வேண்டும், அதில் ஒருவர் அந்த விஷயத்தில் பொறுப்பில் இருப்பவர். பெயர் போடலாமா என்று கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும்.

மாசி தொடக்கம், சம்பா அறுவடை மும்முரம். நான் போன பஸ்ஸில் மயிலாடுதுறையிலிருந்து வந்த இரண்டு மாணவிகள், விவசாயிகளிடம் அரசு நெல் வாங்கும் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் இறங்கினார்கள். தார்ப்பாய் போட்டு மூடிய நெல் குவியல்கள், வரிசை வரிசையாக. ஒரு குவியலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த பாட்டி, "பேப்பர்லேர்ந்து வர்றீங்களா?" என்று கேட்டார்.

"இல்ல பாட்டி, காலேஜ்லேர்ந்து."

"எழுதுறதுன்னா பனியையும் சேத்து எழுதுங்க. பகல்ல காயப் போடுறோம், ராத்திரி பனியில மறுபடி ஈரமாயிடுது."

17 சதவீதம் வரைதான் ஈரப்பதம் இருக்கலாம், அரசு தளர்வு கொடுத்தால்தான் அதற்கு மேல் எடுப்பார்கள். ஒரு பிடி நெல்லை அள்ளி மீட்டரில் போட்டதும் பாட்டியின் கண் அந்த எண்ணை விட்டு நகரவில்லை. அதற்குள் மாணவிகளில் ஒருத்தி பட்டியல் எழுத்தரிடம் போய்விட்டாள். எடை போட்ட 40 கிலோ மூட்டைகளை ஏற்றிப் போக லாரி வந்தால்தான் அடுத்த குவியலுக்கு இடம் கிடைக்கும் என்று அவர் தன் பக்கத்தைச் சொன்னார். சுமை தூக்கும் அண்ணன் ஒருவரும் பேசினார். யாரையும் வில்லனாக்காமல் மூன்று பேர் சொன்னதையும் குறித்துக்கொண்டார்கள்.

நடுவராக வந்தவர் பத்திரிகையில் உதவி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த மாணவிகளின் செய்தியில் "தமிழகத்தின் நெற்களஞ்சியமான" என்று தொடங்கிய முதல் பத்தியை அப்படியே அடித்துவிட்டு, நான்காவது பத்தியில் கிடந்த பனியிலிருந்து மேலே ஒரு அம்புக்குறி போட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த ஒரு கோட்டில் நான் கற்றுக்கொண்டது, செமஸ்டர் முழுக்கப் படித்ததைவிட அதிகம்.

அவர்களுக்கு இரண்டாம் பரிசு. முதல் பரிசு, தலையாட்டி பொம்மை செய்யும் ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதிய அணிக்கு. திருத்திய செய்திகளை ஏ3 தாளில் அச்சடித்து வராந்தாவில் ஒட்டினோம். அரங்கத்தில் படம் ஓடிக்கொண்டிருந்தபோதும் அங்கே நின்று படித்தவர்கள் குறையவில்லை.

இதை உங்கள் கல்லூரியில் நடத்த நினைத்தால் தை, மாசியில் வையுங்கள். வெயிலும் தாங்கும், ஊரில் வேலையும் நடக்கும். ஓ.டி. கடிதத்தை அழைப்பிதழோடு சேர்த்தே கேட்டுவிடுங்கள். அச்சான செய்தியின் ஒரு நகலைப் பேசியவர்களிடம் கொண்டுபோய்க் கொடுக்க ஓர் ஆளை முதலிலேயே நியமித்துவிடுங்கள். விழா முடிந்த களைப்பில் அது விட்டுப்போகக் கூடாது.