லிஃப்டா, ரெய்ஸா: எஸ்எஸ்சி ஆங்கிலத்துக்கு நான் படித்த விதம்

மத்திய அரசு வேலைகளுக்குப் பணியாளர் தேர்வாணையம் (எஸ்எஸ்சி) பட்டதாரிகளுக்கு நடத்தும் சிஜிஎல் தேர்வின் முதல் நிலையில் ஆங்கிலத்துக்கு 25 கேள்விகள், 50 மதிப்பெண். தவறான விடை ஒவ்வொன்றுக்கும் அரை மதிப்பெண் கழியும். கணக்குப் பகுதிக்குக் கோவையிலோ சென்னையிலோ கோச்சிங் போகிறவர்களுக்குக் கொஞ்சம் வசதி அதிகம்தான். ஆனால் கோத்தகிரி மாதிரி ஊரில் வீட்டிலேயே உட்கார்ந்து படிக்கிறவர்களும் அவர்களுக்குச் சமமாக நிற்கக்கூடிய பகுதி ஆங்கிலம். நான் அப்படித்தான் படித்தேன். இப்போது எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் கேட்கும்போது சொல்வதை இங்கே எழுதுகிறேன். எல்லாச் சொற்களையும் எடுத்தால் நீண்டுவிடும். 'மேலே தூக்குவது' என்ற ஒரே ஒரு சொற்குடும்பத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கைடுகளில் லிஃப்ட், ரெய்ஸ், ஹோய்ஸ்ட், ஹீவ், எலிவேட், பூஸ்ட் எல்லாவற்றுக்கும் நடுவே சமக்குறி போட்டிருப்பார்கள். தனிச்சொல்லைக் கொடுத்துச் சினானிம் கேட்டால் அந்தப் பட்டியல் காப்பாற்றும். க்ளோஸ் டெஸ்டில், அதாவது பத்தியில் விட்ட இடங்களை நிரப்பும் கேள்வியில், நான்கு ஆப்ஷனும் அதே பட்டியலிலிருந்து வந்தால் அது உதவாது. தமிழில் நமக்கு இந்தச் சிக்கல் வருவதேயில்லை. கொடியை ஏற்றுகிறோம், கையைத் தூக்குகிறோம், குரலை உயர்த்துகிறோம், கேள்வியை எழுப்புகிறோம். 'தலைமையாசிரியர் கொடியை எழுப்பினார்' என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லாது. நமக்கு யாரும் இதற்குப் பட்டியல் போட்டுத் தரவில்லை. எதைத் தூக்குகிறோமோ அந்தப் பொருளின் பெயரோடு சேர்ந்தே வினையும் காதில் விழுந்தது.

ஆங்கிலத்துக்கும் அதையே செய்தேன். நோட்டில் வினையைத் தலைப்பாக வைப்பதை விட்டுவிட்டுப் பெயர்ச்சொல்லை வைத்தேன். 'ஃப்ளாக்' என்று ஒரு தலைப்பு: அதன் கீழே ஹோய்ஸ்ட், ரெய்ஸ், லோயர், அன்ஃபர்ல். 'பேன்' (தடை) என்று ஒரு தலைப்பு: இம்போஸ், லிஃப்ட். 'ஃபண்ட்ஸ்' என்றால் ரெய்ஸ். 'மொரால்' (மன உறுதி) என்றால் பூஸ்ட், லிஃப்ட். எதிர்ச்சொல்லும் அதே பக்கத்தில் தானாக வந்து உட்கார்ந்துவிடும். கையை ரெய்ஸ் செய்தால் எதிர்ச்சொல் லோயர், தடையை லிஃப்ட் செய்தால் எதிர்ச்சொல் இம்போஸ். ஆன்டனிம் கேள்விக்கு எனக்கு இதைவிட உதவியது வேறொன்றுமில்லை.

இந்தக் குடும்பத்தில் அதிகம் குழப்புகிற ஜோடி லிஃப்டும் ரெய்ஸும்தான். கொஞ்சம் நின்று பார்ப்போம். ஊட்டிக்கு வரும் சுற்றுலா வாகனங்களுக்கு 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் இருப்பது தெரியும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் தினமும் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 என்று உச்சவரம்பு வைத்தார்கள். நாளைக்கு ஆங்கிலப் பேப்பரில் 'லிமிட் ரெய்ஸ்ட்' என்று தலைப்பு வந்தால், 6,000 என்பது ஏழாயிரமோ எட்டாயிரமோ ஆகியிருக்கும், வரம்பு என்று ஒன்று இருக்கத்தான் செய்யும். 'லிமிட் லிஃப்டட்' என்று வந்தால் வரம்பே கிடையாது, எத்தனை வண்டி வேண்டுமானாலும் ஏறலாம். கைடில் சமக்குறி போட்ட அதே இரண்டு சொற்கள்தான். ஆனால் லாட்ஜ்காரருக்கும் நமக்கும் இரண்டும் வேறு வேறு செய்தி. நம் பேப்பரில் ஒன்றை 'உயர்த்தினார்கள்' என்பார்கள், மற்றொன்றை 'நீக்கினார்கள்' என்பார்கள்.

ஏன் இப்படி? சொல்லின் வேரைப் பார்த்தால் பிடிபடும். லிஃப்ட் என்ற சொல் பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்தது. காற்று, வானம் என்ற பொருளுள்ள சொல்லோடு அதற்கு உறவு. லாஃப்ட் என்பதும் அதே வீட்டுப் பிள்ளைதான். தேயிலை ஃபேக்டரிகளில் இலையை வாட்டுவதற்கென்று மேலே இருக்கும் தளத்தையும், வீட்டில் பழைய பாத்திரம் போட்டு வைக்கும் பரணையும் லாஃப்ட் என்கிறோமே, அதுதான். ஆக, லிஃப்ட் என்றால் இருந்த இடத்தை விட்டுக் கிளம்பிக் காற்றில் போவது. மூட்டை தரையை விட்டுக் கிளம்பும், தடை நம் தலையை விட்டுக் கிளம்பும். ரெய்ஸ் என்பது ரைஸ் என்பதன் பிறவினை வடிவம், 'எழச் செய்வது'. பெரும்பாலும் அடியில் பிடிப்பு இருந்துகொண்டே மேலே போகும். கை தோளோடு இருக்கும், புருவம் முகத்தோடு இருக்கும், விலை பழைய விலையிலிருந்துதான் ஏறும். இது நூற்றுக்கு நூறு பொருந்தும் விதியல்ல. ஆனால் தேர்வறையில் இரண்டு ஆப்ஷனுக்கு நடுவே நிற்கும்போது இது ஒரு பக்கம் தள்ளிவிடும்.

பனிமூட்டத்துக்கும் இதுவே. கோடநாடு காட்சிமுனையில் நின்றிருக்கிறீர்கள், மாயாறு பள்ளத்தாக்கிலிருந்து மூட்டம் மேலே வருகிறது. அது 'மிஸ்ட் ரைசிங்'. அரை மணியில் எல்லாம் விலகிப் பள்ளத்தாக்கு தெரிகிறது. அது 'மிஸ்ட் லிஃப்டட்'. ஒன்றில் காட்சி மறைகிறது, மற்றொன்றில் திறக்கிறது. காம்ப்ரிஹென்ஷன் பத்தியில் இந்தச் சொல்லைத் தவறாக எடுத்துக்கொண்டால் அடுத்த கேள்விகளும் சேர்ந்தே சரியும்.

மற்றவற்றுக்கு ஒரு கேரட் மூட்டை போதும். கேத்திப் பக்கம் தோட்டத்தில் கீழே கிடக்கும் ஒரு கேரட்டைக் குனிந்து எடுப்பது பிக் அப். கட்டிய மூட்டையைத் தரையிலிருந்து கிளப்புவது லிஃப்ட். இரண்டு பேர் 'ஐலசா' போட்டு லாரிக்குள் தள்ளுவது ஹீவ். ஹெவி என்ற சொல்லுக்கும் இதற்கும் ஒரே வேர், அதனால் மூச்சு வாங்காமல் ஹீவ் கிடையாது. நிம்மதிப் பெருமூச்சு விடுவதற்குக்கூட 'ஹீவ் எ சை' என்றுதான் வரும். அதே மூட்டையைக் கயிறும் கப்பியும் வைத்து மேல்தளத்துக்கு இழுத்தால் ஹோய்ஸ்ட். இது கப்பல்காரர்களின் சொல், பாய்மரம் ஏற்றிய சொல். கயிறு வழியே மேலே போகும் கொடிக்கும் அதனால்தான் பொருந்துகிறது.

கொடி என்றதும் பொது அறிவுக்கும் சேர்த்து ஒன்று. ஆகஸ்ட் 15 அன்று செங்கோட்டையில் கீழே இருக்கும் கொடியைப் பிரதமர் மேலே ஏற்றுவார், அது ஹோய்ஸ்ட். ஜனவரி 26 அன்று மேலேயே மடித்துக் கட்டியிருக்கும் கொடியைக் குடியரசுத் தலைவர் விரிப்பார், அது அன்ஃபர்ல்.

எலிவேட்டுக்கு எடையே கிடையாது. 'லேசான' என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பதவிக்கும் அந்தஸ்துக்கும் அதிகம் வரும்: வழக்கறிஞர் ஒருவர் உயர் நீதிமன்ற நீதிபதியாக எலிவேட் ஆகிறார். கால் வீங்கினால் தலையணை வைத்து உயர்த்தச் சொல்லும் டாக்டரும் எலிவேட் என்பார். எலிவேஷன் என்ற பெயர்ச்சொல்லில் ஒரு பொறி உண்டு. தொட்டபெட்டா 2,637 மீட்டர், மலை ரயில் மேட்டுப்பாளையத்தில் 326 மீட்டரில் கிளம்பி 2,203 மீட்டருக்கு ஏறுகிறது. இப்படி நிலத்தின் உயரம் என்றால் எலிவேஷன். அதற்கு மேலே பறக்கும் விமானத்துக்கு ஆல்டிட்யூட்.

விலைக்கு வந்தால் ரெய்ஸ், ஹைக், பூஸ்ட் மூன்றும் வரும், சொல்கிறவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதுதான் வேறு. ரெய்ஸ் எந்தப் பக்கமும் சாயாது. ஹைக் பெரும்பாலும் கொடுக்கிறவரின் முகச்சுளிப்பு: பஸ் கட்டணம், கேஸ் விலை. பூஸ்ட் நல்ல செய்தி: பச்சைத் தேயிலைக்கு விலை கூடினால் அது சிறு விவசாயியின் வருமானத்துக்கு பூஸ்ட். பத்தியின் தொனி சந்தோஷமா, சலிப்பா என்று பார்த்தாலே இரண்டு ஆப்ஷன் விழுந்துவிடும்.

எரர் ஸ்பாட்டிங்கில், அதாவது வாக்கியத்தில் பிழை கண்டுபிடிக்கும் கேள்வியில், கேட்பது பெரும்பாலும் ரைஸ், ரெய்ஸ் குழப்பம்தான். ரைஸ், ரோஸ், ரிசன்: தானாக எழுவது, பின்னால் செயப்படுபொருள் வராது. ரெய்ஸ், ரெய்ஸ்ட், ரெய்ஸ்ட்: செயப்படுபொருள் வேண்டும். உச்சரிப்பில் ரெய்ஸ் போலவே ஒலிக்கும் இன்னொரு சொல் உண்டு, எழுத்தில் ஐ, எஸ் இரண்டுக்கும் பதில் ஒரே ஒரு இசட். பொருளோ நேர் எதிர்: தரைமட்டமாக்குவது. 'கட்டடத்தை ரெய்ஸ் செய்தார்கள்' என்றால் கட்டினார்களா இடித்தார்களா என்பதை எழுத்துதான் சொல்லும். அவசரத்தில் கண் தாண்டிப் போய்விடும், ஸ்பெல்லிங்கை நிறுத்திப் படியுங்கள்.

முறைக்குள் அடங்காதவையும் சில உண்டு. முற்றுகைக்கு ரெய்ஸும் லிஃப்டும் ஒன்றுதான், இரண்டுக்கும் முற்றுகையை விலக்கிக்கொள்வது என்றே பொருள். கடையில் பொருளைத் திருடுவதும் லிஃப்ட், போகிற வழியில் வண்டியில் ஏற்றிக்கொள்வதும் லிஃப்ட். இவற்றை நோட்டின் கடைசிப் பக்கத்தில் தனியாக எழுதி வையுங்கள். தேர்வு மையம் கோவை என்றால், மேட்டுப்பாளையம் இறங்கும்வரை பஸ்ஸில் படிக்க அந்த ஒரு பக்கம் போதும். ஒரு பக்கத்துக்கு மேல் அந்த வளைவுகளில் படித்தால் தலை சுற்றும்.