மூன்றும் நான்கும்

ட்ரீம் தியேட்டர் என்ற அமெரிக்க மெட்டல் இசைக்குழுவின் ரிஃப்களுக்கு, அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்குகளுக்கு, பாதி வேர் எழுபதுகளின் ராக் இசையில் இருக்கிறது என்பது என் நெடுநாள் எண்ணம். அவர்கள் முதலில் வைத்துக்கொண்ட 'மெஜஸ்டி' என்ற பெயரே எழுபதுகளின் ராக் குழுவான ரஷ்ஷின் பாடல் ஒன்றைப் பாராட்டிச் சொன்ன சொல்லிலிருந்து பிறந்ததுதான்.

நேற்று மாலை மண்டபம் கரையில், லெட் செப்பலின் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின், 1975-இல் வெளிவந்த 'காஷ்மீர்' பாடலை விரல்விட்டு எண்ணிக்கொண்டே கேட்டேன். கிட்டார் மும்மூன்றாகச் சுழல, டிரம்ஸ் நந்நான்காக அசையாமல் நடைபோட, இரண்டும் பன்னிரண்டாம் எண்ணிக்கை முடிந்த பிறகே மீண்டும் ஒன்றாகத் தொடங்குகின்றன. மெஷுகா போன்ற ஸ்வீடன் மெட்டல் குழுவினர் இதே கணக்கை இன்னும் நீளமான, ஒற்றைப்படைச் சுழற்சிகளாக வளர்த்தெடுத்தார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

நாட்டுப்படகின் நிழலில் வலை தைத்துக்கொண்டிருந்த அண்ணனிடம் இயர்போனைக் கொடுத்தேன். சற்று நேரம் கேட்டுவிட்டு, "தாளம் நொண்டுதே தம்பி" என்றார். ஆனால் இயர்போனைத் திருப்பித் தரவில்லை.