வலி வரும்வரை மலையில் இருக்கலாமா?
அணைக்கட்டு வட்டத்துப் பீஞ்சமந்தை போன்ற மலையூர்களின் கர்ப்பிணிகளை நினைக்கும்போது, வேலூர் நகரத்தில் இத்தனை மருத்துவமனைகள் இருப்பது எனக்கு ஆறுதலாக இல்லை.

கருப்பை சரியாகச் சுருங்காவிட்டால், நலமாகப் பெற்றெடுத்த தாய்கூட ஓரிரு மணி நேரத்தில் உதிரப்போக்கால் உயிரிழக்கக்கூடும். 500 மில்லிலிட்டருக்கு மேல் இரத்தம் போனாலே அபாயம்தான். குழந்தை பிறந்தவுடன் போடும் ஆக்ஸிடோசின் ஊசி இதைப் பெருமளவு தடுக்கும் என்றாலும், அதைப் போடச் செவிலியரும், மருந்து கெடாதிருக்கக் குளிர்பெட்டியும், மீறிப்போனால் ஏற்ற இரத்தமும் வேண்டும்.

கர்ப்பிணிக்கு இரத்த அழுத்தம் 140/90-ஐத் தாண்டி, தலைவலியும் கண் மங்கலும் சேர்ந்தால், எங்கள் வீடுகளில் வழக்கமாகச் செய்வதுபோல வெயிலைக் காரணம் சொல்லிப் படுத்துவிடக் கூடாது. அடுத்து வருவது வலிப்பாக இருக்கலாம்.

பேறுகாலம் நெருங்கும் மலைப்பெண்கள் முன்கூட்டியே கீழே வந்து தங்க இடமும், உடன் வருபவர் இழக்கும் கூலிக்கு ஈடும் அரசு தர வேண்டும்.