மெலிந்த பிறகு அல்ல, இப்போதே நடக்கலாம்

பருமனானவர்கள் நடைப்பயிற்சியை நாலு நாளில் விட்டால் ஊர் அதைச் சோம்பல் என்கிறது. பல நேரம் உண்மைக் காரணம் தொடை உரசல். நம் கடலோரப் புழுக்கத்தில் வியர்வை காயாது. ஈரத் தோலோடு தோல் உரசி எரியத் தொடங்கிவிடும். அதற்காக மெலியும்வரை காத்திருக்க வேண்டாம். முழங்கால்வரை ஒட்டிப் பிடிக்கும் சைக்கிளிங் ஷார்ட்ஸை சுடிதாருக்கோ வேட்டிக்கோ உள்ளே போடுங்கள். கிளம்பும் முன் தொடை இடுக்கில் மெல்லியதாக வாசலின். பவுடர் வேண்டாம், வியர்வையில் குழைந்து, கட்டி கட்டியாகி அதுவே உரசும். திரும்பி வந்ததும் குளித்து ஈரம் போகத் துடையுங்கள்.

ஓரம் தடித்து வட்டமாகப் பரவி அரித்தால் அது உரசல் அல்ல, படர்தாமரை. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் களிம்பில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் முதலில் அடங்கும், பிறகு இன்னும் மோசமாகப் பரவும். தோல் மருத்துவரிடம் போங்கள்.

சங்குத்துறை, சொத்தவிளை மாதிரிக் குமரிக் கடற்கரைகளில் நடப்பவர்கள் இறுகிய மணலில் நடங்கள். கரை சரிவாக இருப்பதால் ஒரு காலுக்கே பளு விழும். போன வழியிலேயே திரும்பினால் அது சமமாகும். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் வேகம். வாரத்துக்கு 150 நிமிடம்.

பின்கழுத்து கருத்து வெல்வெட் மாதிரித் தடித்திருந்தால் எலுமிச்சையும் பீர்க்கங்கூடும் போட்டுத் தேய்க்கிறார்கள். அழுக்காக இருந்தால்தானே போவதற்கு! பெரும்பாலும் அது இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம். தேய்த்தால் தோல் புண்ணாகி இன்னும் கருக்கும். வெறும் வயிற்றுச் சர்க்கரையும் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியும் (HbA1c) பாருங்கள்; சராசரி 5.7 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். உடம்பை ஏற்றுக்கொள்கிறேன் என்று இந்தச் சோதனையைத் தள்ளிப்போடுவது வெறும் சாக்கு.

எடை மெஷினில் தினமும் ஏற வேண்டாம். முந்தின ராத்திரி கருவாட்டுக் குழம்பு என்றால் உப்பு தண்ணீரைப் பிடித்து வைக்கும். காலையில் ஒரு கிலோ கூடக் காட்டலாம். அது கொழுப்பு அல்ல. இடுப்பை அளக்கும் டேப் நல்லது: கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், வயிற்றை எக்காமல், மூச்சை விட்டதும் அளக்கவும். ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் கவனம் தேவை.

மரச்சீனிக்கிழங்கை (மரவள்ளி) விரட்ட வேண்டியதில்லை. சோறும் கிழங்கும் ஒரே வேளையில் வேண்டாம். கிழங்கைக் குறைத்து, சாளை (மத்தி) மீனைக் கூட்டுங்கள்.

பாவாடை நாடா இடுப்பில் தடம் பதிக்கிறதென்றால் அகலப் பட்டைக்கு மாறுங்கள். நாள்பட்ட உரசலில் அந்த இடம் கருத்து, சிலருக்குப் புண்ணாகவும் ஆகிறது. தையல்காரரிடம் இன்றைய அளவையே கொடுங்கள், அடுத்த மாசத்துக்கு நினைத்திருக்கும் அளவை அல்ல.