நான்கு யூரோ கம்பியில் வந்த ஜெர்மன் வானிலைப் படம்

கனேரித் தீவுகளின் லாஸ் பால்மாஸ் துறைமுகத்தில் படகுச் சாமான்கள் விற்கும் ஒரு கடையில், சிற்றலை வானொலிக்கான ஆன்டெனாக் கம்பிக்கு அறுபது யூரோ கேட்டார்கள். அது பகற்கொள்ளை. பின்தெருவின் மலிவு விலைக் கடையில், உறையிட்ட மெல்லிய செப்புக் கம்பி பத்து மீட்டர் நான்கு யூரோவுக்கே கிடைத்தது.

அங்கிருந்து கேப் வெர்டியின் மிந்தெலோ வரை ஏறத்தாழ 850 கடல் மைல். செலவைப் பகிர்ந்துகொண்டு பாய்மரப் படகில் ஏறிய எங்கள் நால்வருக்கும் செயற்கைக்கோள் இணைப்புக்குச் சந்தா கட்டும் வசதி இல்லை. ஹாம்பர்க் அருகிலுள்ள பின்னெபெர்க்கிலிருந்து ஜெர்மன் வானிலைத் துறை சிற்றலையில் அனுப்பும் வரைபடங்களைத்தான் நம்பியிருந்தோம். அவற்றைப் பிடிக்க எஸ்.எஸ்.பி. எனப்படும் ஒற்றைப் பக்கப்பட்டை ஒலிபரப்பைக் கேட்கும் வசதியுள்ள கையடக்க வானொலியும், அதன் ஒலியைக் கேட்டுப் படமாக்கும் கைபேசிச் செயலியும் போதும்.

முதல் நாள், பாய்மரத்தைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்கும் எஃகு வடத்திலேயே வானொலியை இணைத்தேன். வெறும் இரைச்சல். அந்த வடம் பாய்மரத்தோடும் மற்ற வடங்களோடும், அவை வழியே படகின் மின்சுற்றோடும் தொடர்புடையது என்பதை நான் யோசிக்கவே இல்லை.

மறுநாள் கம்பியின் நுனியில் உடைந்த பிளாஸ்டிக் துணிமாட்டியின் துண்டொன்றை மின்காப்பாகக் கட்டி, கொடி ஏற்றும் கயிற்றில் மேலே இழுத்தேன். எஃகு வடத்தில் உரசும்போதெல்லாம் படபடவென்று சத்தம் வந்ததால், கீழ்முனையைப் படகின் பின்கம்பி வேலிக்குச் சாய்வாகக் கொண்டுவந்து நைலான் கயிற்றால் விறைப்பாகக் கட்டினேன். வானொலியின் ஆன்டெனாத் துளையில் செருகப் பழைய ஹெட்போனின் பிளக்கை வெட்டியெடுத்து, அதன் நுனிக்குச் செல்லும் இழையில் ஆன்டெனாவையும், வெளிவளையத்துக்குச் செல்லும் இழையில் எஞ்சினுக்குப் போகும் ஒரு கம்பியையும் சேர்த்தேன். சுழல்தண்டு வழியாகக் கடல்நீரே எர்த் ஆகிவிடுகிறது. இதைவிட நல்ல எர்த் தரையில்கூட அமையாது.

அப்படியும் இரைச்சல் முழுதாக ஓயவில்லை. இன்வெர்ட்டரை நிறுத்தியதும் பாதி அடங்கியது. குளிர்பெட்டியை நிறுத்தியதும் மீதியும் போய், பின்னெபெர்க்கின் 7880 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில், படத்தைச் சுமந்துவரும் கீச்சொலி தெளிவாகக் கேட்டது. வரைபடத்துக்கு வானொலியை 1.9 கிலோஹெர்ட்ஸ் கீழே, அதாவது 7878.1-இல், எஸ்.எஸ்.பி.யின் மேல் பக்கப்பட்டையில் வைக்க வேண்டும். எனக்கு அது நினைவுக்கு வருவதற்குள் பாதிப் படம் கறுப்பாகிவிட்டது. அடுத்த படம் நிமிடத்துக்கு 120 வரி வீதம் மெல்ல இறங்கி, அட்லாண்டிக்கின் அசோர்ஸ் தீவுகளை ஒட்டி அமையும் உயர் அழுத்தப் பகுதியின் வளையங்களைக் காட்டியபோது நான் போட்ட கூச்சலில், உறங்கிக்கொண்டிருந்த கேப்டன் எழுந்து வந்துவிட்டார்.

படத்தைப் பார்த்து அவரும் மகிழ்ந்தார். குளிர்பெட்டியைத் தினமும் இருமுறை அரைமணி நேரம் நிறுத்த அனுமதி வாங்கத்தான் எனக்கு இன்னும் ஒரு நாள் பிடித்தது.