கீழே டேகேர், மேலே வீடுகள்: ஒரே கட்டடம், இரண்டு விதக் கடன்

கலிஃபோர்னியாவில் ஒரு லாபநோக்கற்ற கடன் நிறுவனத்தின் கடன் குழு கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மேசையில் இரண்டு கோப்புகள். ஒன்று, ஓக்லாந்தில் 60 குறைந்த வாடகை வீடுகள் கட்ட நிலம் வாங்குவதற்கு 40 லட்சம் டாலர். மற்றொன்று, அதே கட்டடத்தின் தரைத்தளத்தில் 60 குழந்தைகளுக்கு டேகேர் அமைக்க 4 லட்சம் டாலர். வேலைக்குப் புதியவர் முதல் கோப்பைப் பார்த்து மலைப்பார். பழகியவர்கள் இரண்டாவது கோப்பைத்தான் வரி விடாமல் படிப்பார்கள்.

நிலக் கடனை அடைக்க வேறொரு பெரிய பணம் பின்னால் வரப்போகிறது. அது வருமா, எப்போது வரும் என்பதுதான் கேள்வி. டேகேர் கடனுக்குப் பின்னால் எந்தப் பணமும் வராது. மாதாமாதம் பெற்றோர் கட்டும் கட்டணத்திலும் அரசு மானியத்திலும் சம்பளம், வாடகை போக மிஞ்சுவதிலிருந்து பத்து வருடம் தவணை கட்ட வேண்டும். இந்த வேறுபாட்டை மறந்து இரண்டையும் ஒரே படிவத்தில் அளப்பதால்தான் பல திட்டங்களில் மேலே வீடுகள் நிரம்பியும் கீழ்த்தளம் ஷட்டர் போட்டபடி கிடக்கிறது.

கடன் கொடுப்பவர் யார் என்பதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அமெரிக்காவில் இவர்களை சிடிஎஃப்ஐ, அதாவது சமூக மேம்பாட்டு நிதி நிறுவனம், என்பார்கள். மைக்ரோஃபைனான்ஸ் என்று எண்ணிவிட வேண்டாம்; ஒரே கடன் பல லட்சம் டாலருக்குப் போகும். நியூயார்க்கின் லிஸ்க் 1979-லும், என்டர்பிரைஸ் 1982-லும், சான் ஃபிரான்சிஸ்கோவின் லோ இன்கம் இன்வெஸ்ட்மென்ட் ஃபண்ட் 1984-லும் தொடங்கின. 1994-ல் வந்த சட்டம் நிதித்துறைக்குள் சிடிஎஃப்ஐ ஃபண்டை உருவாக்கிச் சான்றிதழும் மானியமும் கொடுக்க ஆரம்பித்தது. சான்றிதழ் வேண்டுமென்றால் கடனில் குறைந்தது 60 சதவீதம் இலக்கு மக்களுக்கோ இலக்குப் பகுதிகளுக்கோ போக வேண்டும். 2025 மார்ச் 14 அன்று வந்த அதிபர் ஆணை, இந்த ஃபண்டைச் சட்டம் கட்டாயமாகக் கேட்கும் அளவுக்குச் சுருக்கச் சொன்னது. அதனால் அடுத்த ஆண்டு மானியத்தை நம்பி யாரும் இப்போது வட்டி விகிதத்தை நிர்ணயிப்பது புத்திசாலித்தனம் அல்ல.

இவர்கள் கையிலுள்ள மற்ற பணம் பெரும்பாலும் வங்கிகளிடமிருந்தும் அறக்கட்டளைகளிடமிருந்தும் வாங்கிய கடன்; அதற்கு இவர்களும் வட்டி கட்ட வேண்டும். 1977-ன் சமூக மறுமுதலீட்டுச் சட்டத்தின்படி வங்கிகளுக்கு இதில் மதிப்பெண் உண்டு. ஆகவே, “லாபநோக்கற்ற நிறுவனம்தானே, வட்டி குறைவாக இருக்கும்” என்று நினைத்து வருபவர்களுக்கு ஏமாற்றம்தான். இவர்களிடம் கிடைப்பது வட்டிச் சலுகை அல்ல. வங்கி துணியாத நேரத்தில் கிடைக்கும் பணம். வங்கி நிலத்தின் மதிப்பில் பாதியோ கொஞ்சம் கூடவோ கொடுத்துவிட்டு நிற்கும் இடத்தில், இவர்கள் 100 சதவீதம் வரைகூடக் கொடுப்பார்கள்.

இப்போது நிலக் கடன். 40 லட்சம் டாலர், வட்டி 6.5 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 2,60,000 டாலர் வட்டி. அந்த நிலத்தில் வருமானம் எதுவும் இல்லை, ஆகவே வட்டியையும் கடனுக்குள்ளேயே ஒதுக்கி வைக்க வேண்டும். எத்தனை மாதத்துக்கு? இங்கேதான் திட்டங்கள் சறுக்குகின்றன. குறைந்த வாடகை வீடுகளின் முதுகெலும்பு 1986-ல் வந்த டாக்ஸ் கிரெடிட், அதாவது முதலீட்டாளர்கள் திட்டத்தில் பணம் போட்டுப் பெறும் வரிச்சலுகை; நிலக் கடனை அடைக்கப் பின்னால் வரும் பெரிய பணம் இதுதான். அதில் 9 சதவீத வகை கடும் போட்டிக்குரியது. கலிஃபோர்னியாவில் வழக்கமாக ஆண்டுக்கு இரண்டு சுற்றுகள் நடக்கும். ஒரு சுற்று தவறினால் ஆறு மாதம் போச்சு; அதாவது 1,30,000 டாலர் வட்டி. முதல் சுற்றிலேயே கிடைத்துவிடும் என்று பன்னிரண்டு மாத ஒதுக்கீடு போடும் மேம்பாட்டாளரிடம், இரண்டு சுற்று தோற்றால் வட்டியை எந்தக் கணக்கிலிருந்து கட்டுவீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். 24 மாதத்துக்குக் கீழே ஒப்புக்கொள்ளாதீர்கள்.

4 சதவீத வகைக்குப் போட்டி வேறு மாதிரி. அதற்கு வரிவிலக்கு பாண்டு (வட்டிக்கு வரி இல்லாத கடன் பத்திரம்) வேண்டும். நிலமும் கட்டடமும் சேர்ந்த செலவில் 50 சதவீதத்தைப் பாண்டில் திரட்ட வேண்டும் என்று இருந்த விதியை, 2026 முதல் வெளியாகும் பாண்டுகளுக்கு 25 சதவீதமாக்கிவிட்டார்கள். பாண்டு வரிசை நீளமாக இருக்கும் மாநிலங்களில் இது பெரிய ஆறுதல். ஆனால் பாண்டு குறைந்த இடத்தில் வேறு பணம் வர வேண்டுமே! அந்த இடைவெளியை நிரப்பும் நகராட்சிக் கடன் உறுதியானதா, வெறும் ஆதரவுக் கடிதமா என்பதைப் பிரித்துப் பாருங்கள்.

நில ஆய்வில் ஒரு தேதிச் சிக்கல் உண்டு. முதற்கட்டச் சூழல் அறிக்கையின் முக்கியப் பகுதிகள், நிலத்தைக் கிரயம் செய்யும் நாளுக்கு முந்தைய 180 நாட்களுக்குள் செய்யப்பட்டிருக்க வேண்டும். கிரயத்தை இரண்டு முறை தள்ளிப்போட்டால் அறிக்கை காலாவதியாகிவிடும், புதுப்பிக்காமல் வாங்கினால் மாசுப் பொறுப்பிலிருந்து சட்டம் தரும் பாதுகாப்பு போய்விடும். ரயில் நிலையத்துக்குப் பக்கத்து நிலங்களில் ஒரு காலத்தில் டிரை கிளீனிங் கடையோ பெட்ரோல் பங்க்கோ இருந்திருக்க வாய்ப்பு அதிகம். மண்ணிலிருந்து ஆவியாகும் ரசாயனம் மூன்றாம் மாடிக் குடித்தனத்தைவிடத் தரைத்தளத்தில் தவழும் குழந்தையைத்தான் முதலில் எட்டும். அதனால் டேகேர் வரப்போகிறது என்பதை ஆய்வாளரிடம் முதல் நாளே சொல்ல வேண்டும். குடியிருப்பு என்று மட்டும் சொல்லி வாங்கிய அறிக்கையை வைத்துக்கொண்டு பிறகு டேகேரைச் சேர்த்தால், மண் வாயுப் பரிசோதனையை மீண்டும் செய்ய வேண்டியிருக்கும்.

கட்டுமானக் கடனில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். கலிஃபோர்னியாவில் பாக்கிப் பணத்துக்காக ஒப்பந்ததாரர் சொத்தின் மீது வைக்கும் உரிமைக் கோரிக்கை, வேலை தொடங்கிய நாளிலிருந்து கணக்காகிறது. அடமானப் பத்திரம் பதிவாகும் முன் தளத்தில் மண் வெட்டிவிட்டால், கூலி பாக்கி உள்ள எந்தத் துணை ஒப்பந்ததாரரும் கடன் கொடுத்தவருக்கு முன்னால் வந்து நிற்கலாம். சொத்துரிமைக்குக் காப்பீடு தரும் டைட்டில் நிறுவனம் பதிவு நாளன்று தளத்தைப் புகைப்படம் எடுப்பது இதற்காகத்தான். “வேலி மட்டும்தான் போட்டோம், பழைய ஷெட்டை மட்டும்தான் இடித்தோம்” என்ற சமாதானம் எடுபடாது. மற்றபடி மாதாந்திரப் பில், பொறியாளர் பார்வை, ஒவ்வொரு துணை ஒப்பந்ததாரரின் விடுவிப்புப் பத்திரம், பிடித்தம், இவையெல்லாம் வழக்கமான வேலை.

டேகேர் கடனுக்கு வருவோம்.

முதலில் இடம். கலிஃபோர்னியா உரிம விதிப்படி ஒரு குழந்தைக்கு உள்ளே 35 சதுர அடி, வெளியே 75 சதுர அடி. 60 குழந்தைகளுக்கு 2,100 சதுர அடி போதுமே என்று தோன்றும். ஆனால் அந்த 35-ல் நடைபாதை, கழிப்பறை, சமையலறை, அலுவலகம், சுவரோடு பதித்த அலமாரி எதுவும் சேராது. நடைமுறையில் மொத்தப் பரப்பு இரண்டு மடங்குக்கு மேல் வேண்டும். 15 குழந்தைகளுக்கு ஒரு கழிப்பறையும் ஒரு கைகழுவும் தொட்டியும் வேண்டும். கட்டட வரைபடத்தில் “சமூகப் பயன்பாடு, 3,500 சதுர அடி” என்று மட்டும் இருந்தால், 60 இருக்கைகளைக் கணக்கில் எழுதிய வருமான அட்டவணையை அப்போதே கிழித்துவிடலாம்.

அடுத்தது தீ விதி. இரண்டரை வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தைகள் ஐந்து பேருக்கு மேல் இருந்தால், சர்வதேசக் கட்டட விதி அந்த இடத்தைப் பள்ளி வகையில் சேர்க்காமல் கடுமையான நிறுவன வகையில் போடுகிறது. ஒரு விலக்கு உண்டு: நூறு குழந்தைகளுக்கு மிகாமல், வெளியேறும் தளத்திலேயே அறைகள் அமைந்து, ஒவ்வொரு அறையிலிருந்தும் நேராக வெளியே போகக் கதவு இருந்தால் பள்ளி வகையாகவே கருதப்படும். வரைபடத்தில் இரண்டு கதவுகளைச் சேர்ப்பதற்குச் செலவு அதிகமில்லை. கான்கிரீட் போட்ட பிறகு சுவரை உடைத்துக் கதவு வைப்பதற்குத்தான் பணம் கரையும். குழந்தை அறைகளின் கதவுகள் எங்கே என்று கடன் கொடுப்பவரும் கேட்க வேண்டும்; கட்டடக் கலைஞர் பார்த்திருப்பார் என்று விட்டுவிடக் கூடாது.

இப்போது பணக் கணக்கு. 4 லட்சம் டாலர், 6 சதவீதம், பத்து வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 4,440 டாலர். ஒரு குழந்தைக்குச் சராசரி வரவு மாதம் 1,500 டாலர் என்று வைத்தால், மூன்று இருக்கைகள் காலியானாலே தவணைக்குரிய பணம் காணாமல் போகிறது. அறுபதில் மூன்று என்பது வெறும் 5 சதவீதம்! அதனால் எங்கள் பார்வையில் 85 சதவீத நிரம்பலுக்கு மேல் போட்டு வரும் எந்த வருமானக் கணக்கும் நம்பத்தக்கதல்ல.

குழந்தைகள் குறைந்தால் செலவும் குறையும் என்று சிலர் வாதிடுவார்கள். குறையாது. கைக்குழந்தை அறையில் நால்வருக்கு ஓர் ஆசிரியை, அதற்கு மேற்பட்ட முன்பள்ளி வயதில் பன்னிரண்டு பேருக்கு ஒருவர் என்பது கலிஃபோர்னியாவின் பொது உரிம விகிதம். மாநில ஒப்பந்தத்தில் நடக்கும் மையங்களில் இது மூன்றுக்கு ஒருவர், எட்டுக்கு ஒருவர். எட்டுக் கைக்குழந்தைகள் உள்ள அறையில் ஒருவர் நின்றால் வருமானம் எட்டில் ஒரு பங்கு போகும். சம்பளம் ஒரு காசும் குறையாது. கைக்குழந்தை அறை பெரும்பாலும் நஷ்டத்தில்தான் ஓடும். நான்கு வயதுப் பிள்ளைகளின் கட்டணம்தான் அதைத் தாங்கி வந்தது. 2025-26 கல்வியாண்டு முதல், செப்டம்பர் 1-க்குள் நான்கு வயது நிறையும் எல்லாப் பிள்ளைகளுக்கும் கலிஃபோர்னிய அரசுப் பள்ளிகளில் இலவச வகுப்பு கிடைக்கிறது. குடும்பங்களுக்கு நல்ல செய்தி. ஆனால் பழைய விகிதத்தில் நான்கு வயதுப் பிள்ளைகளைக் காட்டும் எந்த ஐந்தாண்டுக் கணக்கும் இனிச் செல்லாது. வயதுவாரியாக இருக்கைகளைப் பிரித்துக் கேளுங்கள்.

உரிமம் வரும்வரை ஒரு குழந்தையைக்கூடச் சேர்க்க முடியாது. உரிமம் வந்த அன்றே அறுபது பேர் வந்து நிற்கவும் மாட்டார்கள். நிரம்ப ஆறு மாதம் முதல் ஒரு வருடம் ஆகும், ஆசிரியைகளோ முதல் நாளிலிருந்து வேண்டும். மானியப் பணமும் மாதம் முடிந்த பிறகே வரும். ஆகவே, கட்டுமானத்துக்கு மட்டும் கடன் கொடுத்து, மூன்று மாதச் சம்பளத்துக்கான நடைமுறை மூலதனத்தைக் கொடுக்காமல் விடுவது பாதி உதவி அல்ல, முழு ஆபத்து. முதல் ஆறு மாதம் வட்டி மட்டும் வாங்குங்கள்.

ஏழைக் குழந்தைகளுக்கான கூட்டாட்சி முன்பள்ளித் திட்டமான ஹெட் ஸ்டார்ட்டை நடத்தும் அமைப்பாக இருந்தால் வில்லங்கத்தைப் பாருங்கள். கூட்டாட்சிப் பணத்தில் வாங்கிய அல்லது பெரிதாகப் புதுப்பித்த கட்டடத்தின் மீது அரசின் பங்கு பதிவாகியிருக்கும். துறையின் எழுத்துபூர்வமான அனுமதி இல்லாமல் அதை அடமானம் வைக்க முடியாது. அந்த அனுமதிக்குப் பல மாதங்கள் ஒதுக்குங்கள்.

வீட்டிலேயே டேகேர் நடத்துபவர்கள் தனி ரகம். கலிஃபோர்னியாவில் சிறிய வீட்டு டேகேரில் அதிகபட்சம் 8 குழந்தைகள், பெரியதில் 14. வேலி போட, தரை மாற்ற 15,000 டாலர் தேவைப்படும் அவர்களுக்குக் கடன் கொடுப்பது தவறு என்பது எங்கள் கருத்து. அந்த வருமானத்தில் தவணைக்கு இடமில்லை. மானியமாகக் கொடுத்துவிட்டு, மூன்று வருடம் திறந்திருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டால் போதும்.

கடைசியாக, இரண்டும் ஒரே கட்டடத்தில் சேரும்போது எழும் முரண். தகுதிபெற்ற ஏழைப் பகுதிகளில், டேகேர் போன்ற சமூகச் சேவை இடத்தின் செலவையும் டாக்ஸ் கிரெடிட் கணக்கிடும் செலவில் சேர்க்கச் சட்டம் அனுமதிக்கிறது: தகுதிச் செலவில் முதல் 1.5 கோடி டாலருக்கு 25 சதவீதம் வரை, மிச்சத்துக்கு 10 சதவீதம் வரை. 2 கோடி டாலர் திட்டத்தில் உச்சவரம்பு 42.5 லட்சம். நல்ல பணம். ஆனால் அந்தச் சேவை முதன்மையாக, வட்டார இடைநிலை (மீடியன்) வருமானத்தில் 60 சதவீதத்துக்கு மிகாதவர்களுக்காக இருக்க வேண்டும், கட்டணமும் அவர்களுக்குக் கட்டுப்படியாக வேண்டும். டேகேர் கடன் கொடுப்பவரோ, முழுக் கட்டணம் கட்டும் பெற்றோர் கொஞ்சம் இருந்தால்தான் தவணை தேறும் என்று சொல்வார். டாக்ஸ் கிரெடிட் முதலீட்டாளரையும் டேகேர் கடன் கொடுப்பவரையும் ஒரே அறையில் உட்காரவைத்துக் கட்டண அட்டவணையை முடிவு செய்யாமல் கட்டுமானத்துக்குள் போனால், உரிமம் கேட்கும் சமயத்தில் முதலீட்டாளரின் வழக்கறிஞர் வந்து நிற்பார். சொத்துவரி விலக்கும் அப்படித்தான். லாப நோக்குள்ள டேகேருக்கு வாடகைக்கு விட்டால், கலிஃபோர்னியாவில் அந்தப் பகுதிக்கு விலக்கு போய்விடும்; அந்த வரியை யார் கட்டுவது என்று குத்தகையில் எழுத வேண்டும்.

மேம்பாட்டாளர் வெறும் கூடாகத் தரைத்தளத்தைக் கொடுப்பாரா, குழாய், மின்சாரம், ஏசி இணைப்புகளோடு கொடுப்பாரா என்பதும் அங்கேயே எழுதப்பட வேண்டும். கூடாகக் கொடுத்தால் 4 லட்சம் போதாது. குத்தகைக் காலம், நீட்டிப்பு உரிமையையும் சேர்த்து, கடன் காலத்தைவிடக் குறைந்தது ஒரு வருடமாவது அதிகம் இருக்கட்டும். மேலே வீடுகளுக்குக் கடன் கொடுத்த வங்கி கட்டடத்தை ஜப்தி செய்தாலும் டேகேரின் குத்தகை தொடரும் என்ற உறுதிப் பத்திரத்தில், அந்த வங்கியின் கையெழுத்தைக் கட்டுமானக் கடன் பதிவாகும் நாளிலேயே வாங்கிவிடுங்கள். கட்டடம் முடிந்த பிறகு கேட்டால், கையெழுத்துப் போட அவர்களுக்கு எந்த அவசரமும் இருக்காது.