மாசி மகத்துக்குள்

ஜனவரி 30, 2025, வியாழன்

இவர் முடிவாகச் சொல்லிவிட்டார். இனிமேல் அடுத்தவர் படகில் பங்குக்குப் போவதில்லை, சொந்தப் படகுதான். நகை வைத்தது, சீட்டு எடுத்தது எல்லாம் சேர்த்து 2,10,000. அதற்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது.

அத்தை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். தூங்குகிறார் என்றுதான் நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "அதுல நான் உக்கார எடம் இருக்குமா?" என்றார்.

பிப்ரவரி 1, சனி

ஐஸ் கம்பெனிக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் கேட்டுவிட்டேன். பில் எழுதும் மேஜை மேலே நான்கு போன் நம்பர்.

பிப்ரவரி 2, ஞாயிறு

கடலூர் தேவனாம்பட்டினத்தில் ஒன்று. 28 அடி ஃபைபர், 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு இன்ஜினோடு 1,75,000. பார்க்கப் பளபளவென்று இருந்தது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. ஃபெஞ்சல் புயல் அடித்தது நவம்பர் 30. அதற்கப்புறம் பெயிண்டு அடித்த படகு எதுவாக இருந்தாலும் இரண்டு தரம் பார், பெயிண்டுக்குக் கீழே ஒட்டு இருக்கும் என்று அண்ணன் போனில் சொல்லியிருந்தார்.

பத்து ரூபாய்க் காசை எடுத்து அணியத்திலிருந்து, அதாவது படகின் முன்பக்கத்திலிருந்து, சாண் சாணாகத் தட்டிக்கொண்டே போனேன். நல்ல இடத்தில் 'டக்'கென்று கெட்டியாகக் கேட்கும். அணியத்தில் இரண்டு இடத்தில் ஒட்டுப்போட்டிருந்தார்கள், அது பரவாயில்லை, ஒட்டு கெட்டியாகத்தான் இருந்தது. பின்பக்கம், அமரத்துக்கு வந்து இன்ஜின் மாட்டும் பின்பலகையைத் தட்டியபோது சத்தம் செத்துப்போயிற்று. ஈர மூட்டையைத் தட்டினது போல. வெளியே ஃபைபர் இருந்தாலும் உள்ளே ஒட்டுப்பலகை. போல்ட் ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கி உள்ளுக்குள்ளேயே மக்கும், வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. படகைத் தள்ளுகிற அத்தனை பாரமும் அந்த ஒரு பலகை மேல்தான். முகத்துவாரத்தில் அலைக்கு நடுவே அது பிளந்தால்?

விற்கிறவர் என்னைப் பார்க்கவே இல்லை. இவரைப் பார்த்து, "பொம்பளைங்க தட்டிப் பாக்கறதுக்கு இது என்ன தேங்காயா?" என்றார். இவர் பதில் சொல்லாமல் என் கையிலிருந்து காசை வாங்கி அதே இடத்தில் தட்டினார். மறுபடியும் தட்டினார். கிளம்பி வந்துவிட்டோம்.

பிப்ரவரி 5, புதன்

தூக்கம் இல்லை. படகு எது என்பதை விட அத்தை அதில் எப்படி ஏறுவார் என்பதுதான் மண்டைக்குள் ஓடுகிறது.

வெள்ளிக் கடற்கரைப் பக்கம் மணலிலிருந்து இறக்குகிற படகு என்றால், இடுப்பளவு தண்ணீரில் நின்று தள்ளி, அலை தூக்கும் நேரம் பார்த்துத் தாவி ஏற வேண்டும். இவருக்கு அது மூச்சு விடுவது மாதிரி. அத்தையின் முழங்காலுக்கு நடக்காது. அப்படியானால் துறைமுகத்தில், உப்பனாற்றில், படித்துறையில் கட்டித்தான் ஏற்ற வேண்டும். அங்கே தண்ணீர் அசையாது. ஆனால் அங்கிருந்து கடலுக்குப் போக முகத்துவாரத்தைத் தாண்டியாக வேண்டும். ஆறு வற்றி வெளியே ஓடும் நேரத்தில் கடல் அலை எதிரே வந்தால் அலை செங்குத்தாக நிமிர்ந்துவிடும். கடல் ஏறி ஆற்றுக்குள் வரும் ஏற்றத்தின்போது போனால் அதே இடம் சாதுவாக இருக்கும். ஆக, போகிற நேரமும் திரும்புகிற நேரமும் நம் கையில் இல்லை.

அப்புறம் விளிம்பு. வலை இழுக்க விளிம்பு தாழ்வாக இருந்தால்தான் இடுப்பு ஒடியாது, ஆனால் பாப்பாவும் தம்பியும் உட்காரும் படகில் விளிம்பு உயரமாக இருக்க வேண்டும். இவரிடம் சொன்னேன். "ரெண்டும் ஒரே படகுல வராதும்மா" என்றார். வரவேண்டும். இரண்டு படகு வாங்க நம்மிடம் என்ன இருக்கிறது?

பிப்ரவரி 9, ஞாயிறு

புதுச்சேரி போய் வந்தோம். அண்ணன் தேங்காய்த்திட்டில் வேலை முடித்து எங்களோடு வீராம்பட்டினம் வந்தார். 32 அடி, டீசல் இன்ஜின், பின்னால் நீளும் தண்டின் நுனியில் விசிறி இருக்கிற 'நீள வால்'. எண்ணெய்ச் செலவு குறைவு என்று இவருக்கு ஆசை. எனக்கு அந்த வாலைப் பார்த்ததுமே வயிறு கலங்கியது. திருப்பும்போது அந்தத் தண்டு முழுசாகச் சுழன்று வருகிறது. நான்கு ஆண்கள் மட்டும் போகும் படகில் யார் எங்கே நிற்பது என்று அவரவருக்குத் தெரியும். தம்பிக்கு ஏழு வயது. வேறு மாநிலப் பதிவு என்பதால் தடையின்மைச் சான்று வாங்கி மாற்ற வேண்டும், அதற்குள் மாசி மகமே வந்துவிடும். வேண்டாம் என்றேன். இவர் முகம் கொடுக்கவில்லை.

வரும் வழியில் பிள்ளைகளுக்காகச் சுண்ணாம்பாறு படகுத்துறையில் இறங்கினோம். பாரடைஸ் பீச்சுக்குப் போகிற படகில் ஜனங்களை எப்படி உட்கார வைக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். எல்லோரையும் நடுவில், தாழ்வாக உட்கார வைக்கிறார்கள், பாரம் இரண்டு பக்கமும் சமமாக இருக்கும்படி. குழந்தைக்கு லைஃப் ஜாக்கெட் போட்டுத் தோளைப் பிடித்து மேலே இழுத்துப் பார்த்தார் ஒருவர். ஜாக்கெட் காது வரை ஏறியது. கழற்றிவிட்டுச் சின்னதைப் போட்டார். பெரியவர்கள் அளவைப் பிள்ளைக்கு மாட்டினால் தண்ணீரில் ஜாக்கெட் மட்டும் மிதக்கும், பிள்ளை கீழே நழுவிவிடும். கால் இடுக்கில் போகிற பட்டை உள்ளதாக வாங்க வேண்டும். இரண்டு சின்னது, மூன்று பெரியது.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். அத்தை வடலூர் போகவில்லை. நான் இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவர் போகாதது இதுதான் முதல் வருஷம்.

பிப்ரவரி 14, வெள்ளி

பழவேற்காடு நினைவாகவே இருக்கிறது. 2011, டிசம்பர் 25. பொழுதுபோக்காகப் படகில் போன குடும்பம், படகு கவிழ்ந்து 22 பேர் செத்துப்போனார்கள். ஐந்து நாள் கழித்து, 30ஆம் தேதி, தானே புயல் எங்கள் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. ஊரே தானேவைப் பற்றித்தான் பேசியது. நான் மட்டும் அந்த 22 பேரையே நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்களும் சோறு கட்டி எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள். படகு உடைய வேண்டும் என்பதே இல்லை. எல்லோரும் ஒரே பக்கம் எழுந்தால் போதும். ஒருவர் எதையோ காட்டுவார், மற்றவர்கள் பார்க்க எழுவார்கள்.

பாப்பாவை உட்கார வைத்துச் சொன்னேன்: படகில் யாரும் எழக்கூடாது, எதைப் பார்த்தாலும் உட்கார்ந்தபடியே பார்க்க வேண்டும். "ஓங்கில் வந்தாக்கூடவா?" என்றாள், டால்பினைத்தான் சொல்கிறாள். ஓங்கில் வந்தாலும்.

பிப்ரவரி 16, ஞாயிறு

பரங்கிப்பேட்டை. 22 அடி. ஒடுக்கம், ஏறினதும் ஆடியது. பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்தோம்.

பிப்ரவரி 18, செவ்வாய்

தெருவில் ஒரு பெரியவர் இவரிடம் கேட்டிருக்கிறார், பொம்பளைங்களை ஏத்தறதுக்காகவா மரம் வாங்கறே என்று. அவருக்கு இன்னும் எல்லாப் படகும் மரம்தான். இவர் சொல்லாமல் மறைத்தார், தம்பி வந்து சொன்னான். அத்தையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

துறைமுகத்தில் மீன் எடுத்து மஞ்சக்குப்பம் தெருத்தெருவாகத் தலையில் சுமந்து விற்றவர் அத்தை. நாற்பது வருஷம். கடலுக்குள் ஒரு நாளும் போனதில்லை. மாமா உயிரோடு இருந்தபோது சொல்வாராம்: வெளியே போகப் போக முதலில் வீடு மறையும், அப்புறம் தென்னை, கடைசியில்தான் லைட் ஹவுஸ். அதைத்தான் பார்க்கணுமாம். "மறையற வரைக்கும் வேணாம். சின்னதா ஆனாப் போதும்" என்றார்.

பிப்ரவரி 20, வியாழன்

அத்தைக்கு ஆஸ்பத்திரியில் குறித்திருக்கிற மார்ச் 14ஐத் தள்ளிப்போட முடியாதாம். ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்த நேரம் முழுக்கக் காசால் அந்தப் பலகையைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். பக்கத்திலிருந்த அம்மா கையைப் பிடித்து நிறுத்தினார்.

பிப்ரவரி 23, ஞாயிறு

தாழங்குடா. இதுதான்.

அவசரப்படாமல் எழுதுகிறேன். 27 அடி. அகலம் நானே சேலை முந்தானையால் அளந்து வந்து வீட்டில் டேப் வைத்துப் பார்த்தேன், ஆறரை அடி. மீன் பெட்டிக்கு முன்னால் குறுக்குப் பலகை ஒன்று, தாழ்வாக, படகின் நடுவில். அத்தைக்கு அந்த இடம். சுனாமிக்கு அப்புறம் அவசரமாகச் செய்து கொடுத்த படகுகளில் சிலது மெல்லிசாக இருக்கும், இது அந்தக் காலத்துப் படகு இல்லை. விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்தினால் நெளியவில்லை.

விற்கிறவர் வயசானவர், பிள்ளைகள் வெளிநாட்டில். நாங்கள் போனதும் இவர் முதலில் செய்தது இன்ஜின் மூடியில் கை வைத்தது. சில்லென்று இருந்தது. அதில்தான் எனக்கு நம்பிக்கை வந்தது. முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் எந்த இன்ஜினும் ஒரே இழுப்பில் கிளம்பும். இது மூன்றாவது இழுப்பில் கிளம்பியது, பக்கத்தில் நூல் பிடித்தாற்போல் தண்ணீர் பீய்ச்சியது, நிற்கவில்லை. அண்ணன் கியர் ஆயிலை ஒரு சொட்டு விரலில் எடுத்துக் காட்டினார். பால் கலந்தது போல் இருந்தால் சீல் போய் உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கிறது. இது கறுப்பு, தெளிவு.

படகை மேலே ஏற்ற எத்தனை பேர் வேண்டும் என்று இவர் பக்கத்துப் படகுக்காரர்களிடம் தனியாகக் கேட்டார். வாங்கினபோது எட்டுப் பேர், இப்பவும் எட்டுப் பேர் என்றார்கள். உள்ளே அடைத்திருக்கும் தெர்மாகோல் தண்ணீர் குடித்துவிட்டால் ஆள் கணக்கு ஏறும். அதற்கப்புறம் பத்துக் குடம் தண்ணீரை உள்ளே ஊற்றிவிட்டு, வெளியே அடிப்பக்கம் மணலில் படுத்துப் பார்த்தேன். கால் மணி நேரம். ஓரிடத்திலும் கசியவில்லை. எழுந்தபோது சேலை முழுக்க மணல்.

பின்பலகை 'டக்'. மூலைக்கு மூலை 'டக்'.

2,35,000 சொல்கிறார்.

பிப்ரவரி 24, திங்கள்

சண்டை. அந்த இன்ஜின் பழசு, அதே காசுக்குப் புது இன்ஜினோடு வேறு படகு வரும் என்கிறார். இன்ஜினை நாளைக்குக் கூட மாற்றலாம், அகலத்தை எங்கே போய் வாங்குவது என்றேன். காலையில் பேசாமலே கிளம்பிப் போய்விட்டார்.

பிப்ரவரி 28, வெள்ளி

வேறொருத்தர் வந்து பார்த்துவிட்டுப் போனாராம். சாப்பாடு இறங்கவில்லை.

மார்ச் 2, ஞாயிறு

2,20,000க்கு முடிந்தது. தோடும் போயிற்று, போகட்டும். அந்தப் பெரியவர் காசை எண்ணிக்கூடப் பார்க்காமல் என்னிடம் ஒன்று சொன்னார்: மண்ணெண்ணெயில் ஓடுகிற இன்ஜின், அணைக்கிறதுக்கு முன்னே மறக்காமல் பெட்ரோலுக்கு மாற்றிக் கொஞ்ச நேரம் ஓட விடணும், இல்லாவிட்டால் மறுநாள் கிளம்பாது. இவருக்குத் தெரியாததா? ஆனால் என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

மார்ச் 6, வியாழன்

மீன்வளத்துறை ஆபீஸில் பெயர் மாற்ற எழுதிக் கொடுத்தாயிற்று. அணியத்தில் இருக்கிற நம்பரை நான் மூன்று முறை சரிபார்த்தேன்.

மார்ச் 8, சனி

அத்தை இல்லாமல் ஒரு முறை போய்ப் பார்த்தோம், பிள்ளைகளும் நாங்களும். ஏற்றத்தில் முகத்துவாரம் தாண்டினது தெரியவே இல்லை. வெளியே கொஞ்ச தூரம் போனதும் தம்பி வாந்தி. மண்ணெண்ணெய்ப் புகை. மெதுவாகப் போகும்போது காற்று பின்னாலிருந்து வந்தால் புகை படகுக்குள்ளேயே சுற்றுகிறது. அத்தை வரும் அன்றைக்கு முழுக்கப் பெட்ரோலில்தான். செலவு ஆகட்டும்.

வெயிலுக்குத் தார்ப்பாய் கட்ட வேண்டாம், அது காற்றைப் பிடித்துப் படகைச் சாய்க்கும், குடை போதும் என்கிறார் இவர். விளிம்புக்கு வழி கிடைத்துவிட்டது: நான்கு இடத்தில் குழாய் செருகும் சாக்கெட் வைத்து, குடும்பத்தோடு போகும்போது பைப் நட்டுக் கயிறு கட்டிக்கொள்வது, வலைக்குப் போகும்போது உருவிவிடுவது. உருவாவிட்டால் வலை மாட்டும். அந்தச் சாக்கெட்டுக்குத் துளை போடும் ஒவ்வொரு இடத்திலும் தண்ணீர் இறங்காமல் பூசினார்களா என்று நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன்.

திரும்பும்போது நானும் கரையைப் பார்த்தேன். முப்பத்தெட்டு வயசில் முதல் தடவை. நம் வீடு எது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. லைட் ஹவுஸ் மட்டும் அடையாளம். அத்தையிடம் சொல்லவில்லை.

மார்ச் 10, திங்கள்

கடல் நிலையைச் சொல்லும் அரசு நிறுவனமான இன்காய்ஸின் முன்னறிவிப்பில் அலை உயரம் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். உயரம் கம்மியாக இருந்தாலும் அலைக்கும் அலைக்கும் இடைவெளி நீளமாக இருந்தால் முகத்துவாரத்தில் அது எழும்பி உடையும் என்று அண்ணன் சொன்னார். இப்போது இரண்டையும் எழுதி வைக்கிறேன். புதன்கிழமை பரவாயில்லை போல் தெரிகிறது. செவ்வாய் இரவு மறுபடியும் பார்க்க வேண்டும்.

அத்தைக்குக் கால் வீக்கம் கூடியிருக்கிறது.

மார்ச் 11, செவ்வாய்

அன்னக்கூடையைப் புளி போட்டுத் தேய்த்து வெயிலில் கவிழ்த்து வைத்திருக்கிறார் அத்தை. படகில் அதைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துகொள்வாராம், பலகை முதுகை உறுத்துமாம். அலுமினியம் வழுக்கும் அத்தை என்றேன். அடியில் சாக்குத் துணி போடச் சொன்னார். உட்கார்ந்து பார்த்தோம், தரையில், நானும் பாப்பாவும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு. உயரம் சரியாக இருக்கிறது.

இரவு 9 மணி. முன்னறிவிப்பு மாறவில்லை.

மார்ச் 12, புதன், விடியற்காலை 4.40

மாசி மகம். தேவனாம்பட்டினத்துக்கு சாமிகள் வரத் தொடங்கும் முன்னே ஆற்றை விட்டு வெளியே போய்விட வேண்டும். இவர் இரண்டு மணிக்கே படகுக்குப் போய்விட்டார். ஐந்து ஜாக்கெட், பெட்ரோல் கேன், ஒரு குடம் தண்ணீர், மாத்திரை டப்பா, குடை, சாக்கு. அத்தை கொண்டை போட்டு, பூ வைத்து, நடுக்கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார். ஆட்டோ வந்துவிட்டது, தம்பியை எழுப்ப வேண்டும்